குரோஷே, ஃபெல்டிங், குவில்ட்டிங்: புதுசா ஆரம்பிக்கிறவங்க எங்க தொடங்கணும், எப்படி முடிக்கணும்

நூல்வேலை கத்துக்கணும்னு ஆசை வந்த உடனே பத்து கலர் நூல், ஊசி செட்டு, துணி, கம்பளின்னு வாங்கிக் குவிச்சுட்டு அப்புறம் எதையும் தொடாம விட்டுடறவங்க நிறைய பேர். அவங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு சொல்லவே முடியாது. முதல் வேலையையே கட்டில் அளவு போர்வையா, முழுக்கை ஸ்வெட்டரா எடுத்துக்கறதுதான் பிரச்சனை. அதனால நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது, கைக்குட்டை அளவுல ஒண்ணு ஆரம்பிங்க, அதை முழுசா முடிங்க, நூல் முனைய உள்ள செருகி வெட்டுற வரைக்கும் முடிங்க. ஒண்ணு முடிச்ச கை அடுத்ததுக்குத் தானா போகும்.

மூணுல எதை எடுக்கறதுன்னா, உங்க நேரமும் இடமும் எப்படின்னு பாருங்க. பஸ்ல, காத்திருக்கற இடத்துல, டிவி பார்த்துக்கிட்டே பண்ணணும்னா குரோஷே, அதாவது ஹூக்னு சொல்ற கொக்கி ஊசியால நூல பின்னறது, ஏன்னா ஒரு ஹூக் ஒரு நூல்கண்டு போதும், எந்த நொடியில வேணா நிறுத்தலாம். ஒரே உட்கார்ந்த இடத்துல ஏதோ ஒண்ணு முழுசா கைக்கு வரணும்னு நினைக்கிறவங்களுக்கு ஃபெல்டிங், அதாவது கம்பளி இழைய தேய்ச்சோ ஊசியால குத்தியோ கெட்டியாக்கறது. அளவு எடுத்து, வெட்டி, அடுக்கி, பொறுமையா பல வாரம் ஒரே பொருளோட இருக்கப் பிடிக்கும்னா குவில்ட், அதாவது துணித் துண்டுகள சேர்த்து, நடுவுல பஞ்சு வெச்சு தைக்கற போர்வை. மூணையும் ஒண்ணா ஆரம்பிக்காதீங்க, அது மட்டும் வேண்டாம்.

குரோஷே

இதைத்தான் நான் முதல்ல கை காட்டுவேன், ஏன்னா தப்பா போனா நூல இழுத்தா போதும், எல்லாம் பிரிஞ்சு வந்துடும், நூலும் வீணாகாது.

நூல் வாங்கும்போது லேபிள பாருங்க. நூலோட தடிமன 0ல இருந்து 7 வரைக்கும் நம்பர் போட்டு பிரிச்சிருப்பாங்க, 0ன்னா தையல் நூல் மாதிரி மெலிசு, 7ன்னா கை விரல் தடிமன். புதுசா வர்றவங்களுக்கு 4ம் நம்பர், வொர்ஸ்டெட்னு சொல்லுவாங்க, அதுதான் சரி, அதோட 5 மி.மீ. ஹூக். கலர் வெளிர் கலரா இருக்கட்டும். கருப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம், ஸ்டிட்ச் எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியாது. முடிமுடியா புசுபுசுன்னு இருக்கற நூலும் வேண்டாம், பார்க்க அழகா இருக்கும், ஆனா பிரிக்கவும் வராது எண்ணவும் வராது. வழவழப்பான அக்ரிலிக் இல்லன்னா கம்பளி கலந்த நூல் எடுங்க. பருத்தி நூல் நல்லதுதான், ஆனா அதுல இழுவை இல்லாததால ஆரம்பத்துல விரல் வலிக்கும். லேபிள்ல டை லாட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒரே வேலைக்கு ரெண்டு மூணு கண்டு வாங்கினா அந்த நம்பர் ஒண்ணா இருக்கணும், ஏன்னா ஒரே கலர் பேர்னாலும் சாயம் போட்ட தடவை வேறன்னா பாதியில நிறம் மாறினது அப்பட்டமா தெரியும்.

ஹூக்க பென்சில் பிடிக்கற மாதிரியும் பிடிக்கலாம், கத்தி பிடிக்கற மாதிரியும் பிடிக்கலாம், ரெண்டுமே சரிதான், எது வலிக்கலையோ அது. முக்கியமானது மத்த கை. நூல சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்தி ஆள்காட்டி விரல் மேல கொண்டு வாங்க, அந்த ஆள்காட்டி விரல்தான் நூலோட இறுக்கத்த கட்டுப்படுத்துது. இடது கைக்காரங்க எல்லாத்தையும் கண்ணாடியில பார்க்கற மாதிரி மாத்திக்கிட்டா போதும்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஹூக்ல மாட்டுங்க. நூல ஹூக் மேல சுத்தி அந்த லூப் வழியா இழுங்க, இதுதான் செயின். இத மட்டும் ஒரு முழு நீளத்துக்குப் போட்டுப் பாருங்க, பிரிச்சு மறுபடியும் போடுங்க, எல்லா லூப்பும் ஒரே அளவா வர்ற வரைக்கும். ரொம்பப் பேருக்கு முதல் செயின் இறுகிப் போய் அடுத்த வரிசைக்கு ஹூக் நுழையவே நுழையாது, அப்ப செயினுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஹூக் எடுத்துக்கலாம், அப்புறம் பழைய ஹூக்குக்கே வந்துடலாம்.

16 செயின் போடுங்க. ஹூக்ல இருந்து ரெண்டாவது செயின்ல ஹூக்க நுழைங்க, நூல சுத்தி வெளிய இழுங்க, இப்ப ஹூக்ல ரெண்டு லூப் இருக்கும், மறுபடி நூல சுத்தி ரெண்டு வழியாவும் ஒரே இழுப்பா இழுங்க. இது சிங்கிள் குரோஷே. கடைசி செயின் வரைக்கும் போனா 15 வரும். அப்புறம் ஒரு செயின் போட்டு வேலைய திருப்புங்க, திருப்பினதும் முதல் ஸ்டிட்ச்லயே ஆரம்பிங்க, மறுபடி 15.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா குரோஷேல பாதி விஷயம் இதுதான். வேலையோட மேல் ஓரத்த கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வந்து பாருங்க. வரிசையா படுத்திருக்கற வி எழுத்து மாதிரி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகின மாதிரி ஒரு ஜடை தெரியும். ஒரு வின்னா ஒரு ஸ்டிட்ச். அடுத்த வரிசைக்கு ஹூக் அந்த வியோட ரெண்டு இழைக்கும் கீழ போகணும், ஒரு இழைய மட்டும் எடுத்தா துணி வேற மாதிரி வரி வரியா வரும், அதுவும் ஒரு டிசைன்தான், ஆனா இப்ப வேண்டாம். இந்த விய கண்ணால பார்த்து எண்ணத் தெரிஞ்சுட்டா யார் உதவியும் இல்லாம எந்த இடத்துல என்ன ஆச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்க்கறத விட பத்து மடங்கு பிரயோஜனம் இதுல இருக்கு.

சதுரமா ஆரம்பிச்சது முக்கோணமா மாறிட்டே வருதுன்னா வரிசையோட கடைசி ஸ்டிட்ச விட்டுட்டு வர்றீங்கன்னு அர்த்தம், அந்தக் கடைசி வி ஓரமா ஒளிஞ்சுக்கும். முதல் ஸ்டிட்ச்லயும் கடைசி ஸ்டிட்ச்லயும் ஒரு சேஃப்டி பின் மாட்டி வைங்க, ஒவ்வொரு வரிசையிலயும் மேல மேல மாத்திக்கிட்டே வாங்க, ஓரம் நேரா வந்துடும்.

அடுத்தது டபுள் குரோஷே. ஹூக்க நுழைக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை நூல சுத்திக்கணும், அப்புறம் நுழைச்சு இழுத்தா மூணு லூப் இருக்கும், சுத்தி ரெண்டுல இழுங்க, மறுபடி சுத்தி மீதி ரெண்டுல இழுங்க. இது உயரமா வரும், வேலை சீக்கிரம் வளரும். திருப்பும்போது மூணு செயின் போடணும், அந்த மூணு செயினே பொதுவா முதல் ஸ்டிட்ச்னு கணக்கு, அதனால அடுத்தது ரெண்டாவது வில தான் போகணும், வரிசை முடிவுல அந்த மூணு செயினோட உச்சியிலயும் ஒண்ணு போடணும். சிங்கிள்ல இருந்து டபுளுக்கு வர்றவங்க எல்லாரும் குழம்பற இடம் இது.

பேட்டர்ன், அதாவது எழுதி வெச்ச செய்முறை, பார்த்துப் போடும்போது அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. நான் மேல சொன்னது அமெரிக்கப் பேர். அவங்க சிங்கிள்னு சொல்றத பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்லுவாங்க, அவங்க டபுள இவங்க ட்ரெபிள்னு சொல்லுவாங்க. பேட்டர்ன்ல சிங்கிள் குரோஷேன்னு ஒரு இடத்துலயாவது இருந்தா அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ்ல அந்தப் பேரே கிடையாது.

முடிக்கும்போது ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, கடைசி லூப் வழியா இழுத்து இறுக்குங்க, மொட்டை ஊசியில கோத்து ஸ்டிட்ச்சுக்கு உள்ளாற ஒரு பக்கமா ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கமா ஓட்டுங்க. ஒரே திசையில ஓட்டினா துவைச்சதும் வெளிய வந்துடும். முடிச்சு போட்டு ஒட்ட வெட்டறது வேண்டவே வேண்டாம்.

இந்தச் சதுரம் வந்துட்டா அதுக்கப்புறம் கிரானி ஸ்கொயர் போடலாம், மூணு மூணு டபுள் குரோஷே கொத்தா நடுவுல இருந்து சுத்திப் போறது, மிச்சம் மீதி நூலுக்கெல்லாம் அதுதான் வழி. பொம்மை ஆசைன்னா நடுவுல மேஜிக் ரிங், அதாவது இழுத்தா சுருங்கி மூடற நூல் வளையம், போட்டு 6 சிங்கிள், அடுத்த சுத்து 12, அடுத்தது 18, 24ன்னு ஒவ்வொரு சுத்துக்கும் 6 கூட்டிக்கிட்டே போனா தட்டையான வட்டம் வரும், கூட்டறத நிறுத்தினா கிண்ணமா குழியும், அப்படியே குறைச்சா பந்தா மூடும். உள்ள பஞ்சு வெளிய தெரியக் கூடாதுங்கறதால பொம்மைக்கு லேபிள்ல போட்டிருக்கறத விட சின்ன ஹூக் எடுக்கணும். சட்டை, தொப்பி மாதிரி அளவு முக்கியமான எதுக்கும் முதல்ல 10 செ.மீ.க்கு கொஞ்சம் பெருசா ஒரு சதுரம் போட்டு, துவைச்சு, 10 செ.மீ.ல எத்தனை ஸ்டிட்ச் வருதுன்னு எண்ணிப் பார்த்துட்டு ஆரம்பிங்க. மப்ளருக்கு இதெல்லாம் தேவையில்லை.

ஃபெல்டிங்

தறி இல்ல, முடிச்சு இல்ல, தையலும் இல்ல, வெறும் கம்பளி இழை துணியா மாறுது. இது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். கம்பளி இழைய மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஓடு மாதிரி சின்னச் சின்ன செதில் அடுக்கடுக்கா இருக்கும். சூடான தண்ணி பட்டு, சோப்பு வழுக்கி, கை தேய்க்கத் தேய்க்க இழைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு நகருது, செதில் இருக்கறதால வந்த வழியில திரும்ப முடியாம மாட்டிக்குது. அவ்வளவுதான் விஷயம். சைபீரியாவோட அல்தாய் மலையில பாசிரிக்ங்கற இடத்துப் பழைய கல்லறைங்கள்ல பனியில உறைஞ்சு கிடைச்ச ஃபெல்ட் 2000 வருஷத்துக்கும் மேல பழசு, இன்னும் கலரோட இருக்கு.

இது புரிஞ்சா என்ன வாங்கணும்னும் புரியும். அக்ரிலிக்ல செதில் இல்ல, எவ்வளவு தேய்ச்சாலும் ஃபெல்ட் ஆகாது. சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்ட கம்பளியும் ஆகாது, மெஷின்ல துவைச்சா சுருங்கக் கூடாதுன்னே அந்தச் செதில மழுக்கிட்டாங்க. நூலா முறுக்காத, சீவின கம்பளி இழைய வாங்குங்க, மெரினோ ஆட்டுக் கம்பளி சீக்கிரமா ஃபெல்ட் ஆகும்.

முதல் வேலைக்கு ஒரு தட்டையான சதுரம் போதும். முடிஞ்சப்புறம் 20 செ.மீ. வேணும்னா 30 செ.மீ.க்கு பரப்புங்க, ஏன்னா மூணுல ஒரு பங்கு சுருங்கும். குமிழ் இருக்கற பிளாஸ்டிக் ஷீட் இருக்குமே, பார்சல் சுத்தறது, அத குமிழ் மேல பார்க்கற மாதிரி ஒரு டவல் மேல விரிங்க. சீவின கம்பளி இழைய ஒரு கையில தளர்வா பிடிச்சு நுனிய மட்டும் மத்த கையால உருவுங்க, மெல்லிசா புகை மாதிரி வரும். ரெண்டு கையையும் ரொம்ப பக்கத்துல வெச்சு இழுத்தா வராது, ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. கத்தரிக்கோல் வேண்டாம். அத எல்லாம் படுக்கையா ஒரு அடுக்கு, மேல செங்குத்தா ஒரு அடுக்கு, மறுபடி படுக்கை, மறுபடி செங்குத்துன்னு நாலு மெல்லிசு அடுக்கு போடுங்க. தடியா ரெண்டு அடுக்கு போடறத விட மெல்லிசா நாலு போட்டா உறுதியா வரும். எங்கயாவது ஓட்டை இருக்கான்னு உள்ளங்கையால மெல்ல அழுத்திப் பாருங்க, சன்னமா இருக்கற இடம் கைக்குத் தெரியும்.

மேல ஒரு வலைத்துணி போட்டு, சோப்பு கரைச்ச வெதுவெதுப்பான தண்ணிய தெளிச்சு, காத்து போற மாதிரி நடுவுல இருந்து அழுத்துங்க. முதல் அஞ்சு நிமிஷம் பாரம் கொடுக்காம தடவற மாதிரி தேய்க்கணும். ஆர்வத்துல அழுத்தித் தேய்ச்சா அடுக்கு நகர்ந்து மடிப்பு விழுந்துடும், அப்புறம் சரி பண்ண முடியாது. அப்பப்ப வலைய தூக்கிப் பாருங்க, இழை வலையில ஒட்டிக்காம இருக்கணும். மேல் பரப்ப ரெண்டு விரலால கிள்ளித் தூக்கிப் பாருங்க, தனி இழை வராம மொத்தமா தோல் மாதிரி தூக்கினா அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இப்ப ஷீட்டோட சேர்த்து பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, முன்னும் பின்னும் ஒரு 50 தடவை உருட்டி, பிரிச்சு, கால் வட்டம் திருப்பி மறுபடி 50. எந்தப் பக்கம் உருட்டறீங்களோ அந்தப் பக்கம்தான் சுருங்கும், அதனால நாலு பக்கமும் திருப்பணும். கெட்டியானதும் சுடுதண்ணியில நனைச்சு பிழிஞ்சு, மேடையில நாலு அடி அடிச்சா நல்லா இறுகிடும். சோப்பு முழுசா போற வரைக்கும் அலசுங்க, கடைசி அலசல்ல கொஞ்சம் வினிகர் விடலாம், இழுத்து சதுரம் பண்ணி காய வைங்க.

தண்ணியே இல்லாம ஊசியால பண்றதும் உண்டு, சின்ன உருவங்களுக்கு அதுதான். அந்த ஊசியில பக்கவாட்டுல சின்னச் சின்ன வெட்டு இருக்கும், குத்தும்போது அது இழைய உள்ள தள்ளிட்டுப் போகும். நம்பர் கூடக் கூட மெல்லிசு, 36 உருவம் பிடிக்க, 40 கடைசி மெருகுக்கு, ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா 38. கெட்டி ஃபோம் மேல வெச்சு நேரா குத்தி, அதே கோணத்துல நேரா வெளிய எடுங்க. உள்ள இருக்கும்போது வளைச்சா படக்குனு உடையும். கண்ண ஊசி நுனியில இருந்து எடுக்கவே கூடாது, பேசிக்கிட்டே, படம் பார்த்துக்கிட்டே பண்ற வேலை இது இல்ல. விரல் உறை போட்டுக்கங்க, சின்னப் பசங்க கைக்கு எட்டாம வைங்க.

குவில்ட்டிங்

மேல் துணி, நடுவுல பஞ்சு விரிப்பு, கீழ ஒரு துணி, மூணையும் ஊடுருவிப் போற தையல். இதுதான் குவில்ட். முதல் வேலை ஒன்பது சதுரம், நைன் பேட்ச்.

துணி பருத்தியா இருக்கட்டும், இழுத்தா நீளற டீ ஷர்ட் துணியும் வழுக்கற பட்டும் ஆரம்பத்துல வேண்டாம். பழைய சட்டை, பழைய துப்பட்டா தாராளமா எடுக்கலாம், அதுல ஒரு தனி அர்த்தமும் இருக்கு. 1987ல வாஷிங்டன்ல எய்ட்ஸ்ல இறந்தவங்க நினைவா விரிச்ச குவில்ட்ல ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, இறந்தவங்களோட உடுப்பையே சேர்த்து தைச்சவங்க உண்டு. உங்க வீட்டுல ஒருத்தரோட சட்டை இருந்தா அத வெட்டறதுக்கு முன்னாடி வேற துணியில ஒரு தடவை தைச்சுப் பழகிட்டு அப்புறம் கத்தரிக்கோல எடுங்க. எந்தத் துணியா இருந்தாலும் முதல்ல துவைச்சு அயர்ன் பண்ணுங்க, சாயம் போறதும் சுருங்கறதும் அப்பவே நடந்துடட்டும்.

5 இன்ச் சதுரம் ஒன்பது வெட்டுங்க. ரெண்டு ரெண்டா நல்ல பக்கம் உள்ள பார்த்து வெச்சு, ஓரத்துல இருந்து சரியா கால் இன்ச் விட்டுத் தைங்க, மெஷின்லயும் தைக்கலாம், கையால ஓட்டுத்தையலும் போடலாம். அந்தக் கால் இன்ச்ல விளையாடக் கூடாது. ஒவ்வொரு ஓரத்துலயும் இன்ச்ல பதினாறுல ஒரு பங்குதான் கூடப் போச்சுன்னு வைங்க, ரெண்டு துணிக்கும் சேர்த்து ஒரு தையலுக்கு எட்டுல ஒரு பங்கு குறையும், 12 சதுரம் வரிசையா வர்ற குவில்ட்ல 11 தையல், மொத்தம் ஒண்ணே கால் இன்ச்சுக்கு மேல காணாம போயிடும், பக்கத்து வரிசையோட ஒட்டவே ஒட்டாது. பென்சிலால கோடு போட்டுட்டு அதுமேலயே தைங்க.

மூணு மூணா தைச்சு மூணு வரிசை ஆனதும் அயர்ன். தேய்க்காதீங்க, பெட்டிய வெச்சு எடுங்க, தேய்ச்சா துணி இழுத்துக்கிட்டு கோணும். முதல் வரிசையோட தையல் மடிப்ப வலப்பக்கம், ரெண்டாவது இடப்பக்கம், மூணாவது மறுபடி வலப்பக்கம்னு படிய வைங்க. அப்பதான் வரிசைகள சேர்க்கும்போது மடிப்பு ஒண்ணோட ஒண்ணு முட்டி நிக்கும், விரலால தடவினாலே பொருந்தினது தெரியும், நாலு மூலையும் ஒரே புள்ளியில வந்து சேரும். சேர்த்து முடிச்சா 14 இன்ச் சதுரம் வரணும், அளந்து பாருங்க.

கீழ்த்துணியும் பஞ்சும் சுத்தி ரெண்டு இன்ச் பெருசா வெட்டுங்க. கீழ்த்துணிய தரையில நல்ல பக்கம் கீழ இருக்கற மாதிரி விரிச்சு, சுருக்கம் இல்லாம டேப்பால ஓரத்த ஒட்டி, மேல பஞ்சு, அதுமேல தைச்ச துணி. நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஒரு உள்ளங்கை தூரத்துக்கு ஒரு சேஃப்டி பின். இந்த வேலை சலிப்பாத்தான் இருக்கும், ஆனா இத அவசரப்பட்டு பண்ணினா பின்பக்கம் மடிப்பு மடிப்பா விழும்.

அப்புறம் கையால ஓட்டுத்தையல், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க. நூல் முனையில சின்ன முடிச்சு போட்டு, மேல் துணியில குத்தி லேசா ஒரு இழுப்பு இழுத்தா முடிச்சு டக்குனு துணிக்குள்ள போய் பஞ்சுல ஒளிஞ்சுக்கும், அந்தச் சத்தம் காதுல கேக்கும். தையல் சின்னதா இருக்கணும்னு கவலைப்படாதீங்க, ஒரே அளவா இருந்தா போதும். மேலயும் கீழயும் சமமா வருதான்னு அப்பப்ப திருப்பிப் பாருங்க. ஊசி தள்ளற விரலுக்கு அங்குஸ்தான், அதாவது விரல் நுனிய மூடற சின்ன கெட்டி உறை, கண்டிப்பா போடணும். எவ்வளவு நெருக்கமா தைக்கணும்ங்கறது பஞ்சு பாக்கெட்லயே போட்டிருக்கும், அத விடத் தள்ளித் தைச்சா துவைக்கத் துவைக்க பஞ்சு நகர்ந்து கட்டியாகும்.

கடைசியா ஓரம். மிச்ச பஞ்ச வெட்டி நேராக்கிட்டு, 2½ இன்ச் அகல நாடா வெட்டுங்க. சுத்தளவு 56 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 66 இன்ச் வேணும். நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணி, முன்பக்க ஓரத்தோட ஓரம் சேர்த்துத் தைங்க. மூலை வர்றதுக்கு கால் இன்ச் முன்னாடி நிறுத்தி, நாடாவ நேரா மேல மடிச்சு, அப்படியே கீழ கொண்டு வந்து அடுத்த பக்கத்த ஆரம்பிங்க, மூலை கூர்மையா நிக்கும். அப்புறம் நாடாவ பின்பக்கம் திருப்பி கையால ஹெம்மிங் பண்ணுங்க.

எந்த வேலையா இருந்தாலும் அரைமணிக்கு ஒரு தடவை ஊசிய கீழ வெச்சு மணிக்கட்டையும் கழுத்தையும் நீட்டி மடக்குங்க. வலி வந்தா அன்னிக்கு நிறுத்திடுங்க, வலிச்சுக்கிட்டே போட்டா மணிக்கட்டு பல நாள் பழிவாங்கும். ஊசி பிடிக்கற கைக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து வெளிச்சம் வரட்டும், உங்க கை நிழலே வேலை மேல விழாது.

துவைக்கறதுல மூணும் மூணு மாதிரி. ஃபெல்டையும் கம்பளி குரோஷேயையும் பச்சைத் தண்ணியில முக்கி வெச்சு, முறுக்காம டவல்ல சுருட்டி அழுத்தி, படுக்க வெச்சு காய வைங்க, தொங்கவிட்டா நீண்டுடும். அக்ரிலிக் குரோஷேய மெஷின்ல போடலாம், ஆனா அயர்ன் பெட்டி படவே கூடாது, ஒரு தடவை பட்டாலே இழை உருகி தொளதொளன்னு ஆகிடும், திரும்ப வராது. பருத்தி குவில்ட்ட மெஷின்ல மென்மையான சுத்துல போடலாம். முதல் துவையல்ல பஞ்சு லேசா சுருங்கி தையலுக்கு நடுவுல சின்னச் சின்ன சுருக்கம் விழும், பயப்படாதீங்க, குவில்ட்டுக்கு அந்த மெத்துமெத்துத் தோற்றம் அப்பதான் வரும்.